ஓர் அடுப்புக்கு ஒரு வீடு

வாசல் படலையைத் திறந்து, குடையைச் சரித்துப் பிடித்தபடி அந்தப் பிள்ளை உள்ளே வந்தபோது, நான் குசினி வாசலில் இருந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

மாரி மழை. வீட்டு வளவெல்லாம் தண்ணீர். வந்தவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நான் நடக்கப் போட்டுவைத்த கற்களில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து வந்தாள். நெஞ்சோடு அணைத்தபடி ஒரு ஃபைல். அதைப் பொலித்தீனால் சுற்றியிருந்தாள். தலை நனைந்தாலும் ஃபைல் நனையக்கூடாது என்பது அவள் குடை பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

கரவெட்டிப் பிள்ளை. அந்த ஊரிலிருந்து வந்து அரசாங்கக் கந்தோரில் வேலை. கடற்கரையோரம் தகரக் கொட்டில்களில் இருக்கிற எங்களுக்கு அரசாங்கக் காசில் தொடர்மாடி கட்டப் போகிறார்களாம். அதற்குக் குடும்பங்களைப் பதிய வந்திருக்கிறாளாம். என் பெயரைக் கேட்டாள். ஞானம்மா என்றேன். படிப்பைக் கேட்டாள். ஐந்தாம் வகுப்பு என்றேன். மனுசன் இல்லை, பிள்ளை இல்லை என்றதையும் எழுதினாள். பிறகு பின்பக்கம் தெரிந்த மற்றக் கொட்டிலைப் பேனையால் காட்டி, அங்கே யார் என்றாள். மச்சாளும் மகளும் என்றேன்.

"சமையல் எப்பிடியம்மா? ஒண்டாவோ, தனித்தனியவோ?"

"இப்ப ஒண்டுதான் பிள்ளை. அங்கை அடுப்பு மூட்டுறேல்லை. நான்தான் சமைச்சுக் குடுக்கிறன்."

ஒரு சொல்லும் பொய் இல்லை. அவள் ஒரு கட்டத்துக்குள் சரி போட்டாள். நான் கையெழுத்து வைத்தேன். மறுபடியும் கற்களில் கால் வைத்துப் படலையைத் தாண்டிப் போய்விட்டாள்.

என்னுடைய அண்ணை, அதாவது மச்சாளின் மனுசன், செத்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

கேட்டதற்கு மட்டும்

போன கிழமை இதே பத்தியில் என்னுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். அதை இங்கே சொன்னால்தான் விளங்கும்.

மூன்றாம் வகுப்பில் ஒருநாள் வாத்தியார் "கொப்பி இருக்கோ" என்று கேட்டார். "இருக்கு சேர்" என்றேன். சொல்வதெழுதல் முடிந்து பார்த்தால் நான் ஒன்றும் எழுதவில்லை. முழங்காலில் விட்டார். உண்மையில் அந்தக் கொப்பி கடைசித் தாள்வரை முடிந்துபோயிருந்தது. வெறுந்தாள் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சுபாவம் என்னை விட்டுப் போகவே இல்லை. கோயிலில் தூணுக்குப் பின்னால் இருப்பேன். சங்கக் கடை வரிசையில் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் நின்றால், அவர்களுக்கு அவசரமாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன். கேட்காததை விழுங்கிவிடுவேன். அதனால் எனக்குத்தான் நட்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன். மற்றவர்களுக்கும் நட்டம் வரும் என்று அந்த மாரியில்தான் கண்டேன்.

மூன்று செங்கல்

எங்கள் வளவில் இரண்டு அடுப்பு வந்த கதை இது.

அண்ணை கலியாணம் முடித்து றெஜினாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அம்மா உயிரோடு இருந்தா. றெஜினாவை நான் மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். ஒரே வயதுக்காரர் நாங்கள். ஒரு குசினிக்குள் இரண்டு பேர் கையும் ஒத்துவரவில்லை. நான் புளியை முதலில் விடுவேன், அவள் பாலை முதலில் விடுவாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன மூச்சுவிடல்கள்தான்.

மகள் ஜெனி பிறந்து ஞானஸ்நானம் முடிந்ததும், அம்மா மூன்று செங்கல்லைக் கழுவி, ஒரு புதுச் சட்டியும் அகப்பையும் வைத்து அண்ணையின் கையில் கொடுத்தா. "இனி உங்கடை உலை வேறை," என்றா. எங்கள் பக்கத்தில் அது கோபத்தில் செய்கிற காரியம் இல்லை. ஒரு குடும்பம் தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். அண்ணை பின்பக்கம் நாலு மரக்கப்பு நட்டுத் தகரம் போட்டார். அதற்குள் அந்த மூன்று கல்லையும் வைத்தார்.

அன்று தொடங்கி அவள் உலை வேறு, என் உலை வேறு. ஆனால் கறி இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். என் மனுசன் காய்ச்சலில் போன பிறகும் அப்படித்தான். அண்ணை கடலுக்குப் போய்க் கரையேறிய அன்று எது நல்ல மீனோ, அது என் சட்டியிலும் விழும். சண்டையில் இடம்பெயர்ந்து ஓடித் திரிந்த காலத்திலும் மச்சாள் அந்தக் கற்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனவள். "கல்லையுமோ சுமக்கிறீர்" என்று நான் சிரித்திருக்கிறேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன் வீட்டுக்குத் தன் கதவு. எங்கள் வளவில் ஒரு படலைதான். அதுவும் என் கொட்டிலைத் தாண்டித்தான் அவள் தன் இடத்துக்குப் போகவேண்டும். மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் யாருடைய முற்றத்தாலோ நடந்துதான் வீட்டுக்குப் போனாள். "ஒருநாளைக்கு உமக்கொரு கதவு வாங்கித் தாறன்" என்று அண்ணை பகிடியாகச் சொல்லுவார். சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

எங்கள் ஒழுங்கைக்கு வந்த காசு

பொதுக்காசு இந்தச் சின்னத் தெருவுக்கு, எங்கள் ஒழுங்கைக்கு, வராமல் இல்லை. வந்தது. வந்தபோதெல்லாம் ஒவ்வொரு விதமாக எங்களை எண்ணியது.

முதலில் தகரம் கொடுத்தார்கள். அப்போது கூரையை எண்ணினார்கள். பிறகு பொதுக் குழாய் வந்தது. அப்போது ஒழுங்கையை எண்ணினார்கள். மலசலகூடத்துக்குத் தலையை எண்ணினார்கள். சனசமூக நிலையத்துக்குப் பிளாஸ்டிக் கதிரை வந்தபோது யாரையும் எண்ணவில்லை, கதிரையைத்தான் எண்ணினார்கள்.

ஒருமுறை வாய்க்கால் கட்டினார்கள். நல்ல சீமெந்து வாய்க்கால். ஆனால் சரிவு கடலைப் பார்க்காமல் எங்களைப் பார்த்திருந்தது. மழை பெய்தால் வீதித் தண்ணீர் முழுக்க எங்கள் வளவுக்கு வரும். அண்ணை அதைப் பார்த்துக்கொண்டு சுருட்டை வாயில் வைத்தபடி, "கடல் ஏற்கெனவே நிறைஞ்சுபோச்செண்டு நினைச்சிருப்பினம்" என்பார்.

தொடர்மாடிக்கு அவர்கள் எடுத்த கணக்கு அடுப்பு. ஓர் அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. நினைத்துப் பார்த்தால் அது பிழையான கணக்கும் இல்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தானே எண்ணினா.

பலகையில் ஒட்டிய தாள்

செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத வழக்கத்தை எல்லாரும் ஒரே மாதிரிச் செய்வதில்லை. எட்டாம் நாள் முடிந்தவுடன் மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்துதான் மூட்டுவது. அதுவரை இனசனம்தான் சாப்பாடு கொடுக்கவேண்டும். இனசனம் என்று கிட்ட இருந்தது நான்தான். அண்ணைக்கு நானும் அழவேண்டியவள்தான். ஆனால் உயிர் பிரிந்தது அவர்களுடைய கொட்டிலில். அதனால் அவர்கள் அடுப்பு அணைந்தது, என் அடுப்பு எரிந்தது.

இருபதாம் நாள் சனசமூக நிலையத்துப் பலகையில் பெயர்ப்பட்டியல் தாள் ஒட்டினார்கள். ஜெனி வேலையால் வரும்போது பார்த்துவிட்டு வந்தாள். அவள் அப்போது நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றாள். வந்தவள் என் முன்னால் நின்று, சைக்கிளைக்கூட நிறுத்தாமல் பிடித்தபடி கேட்டாள்.

"மாமி, எங்களை உங்களோடை சேர்த்து ஒரு குடும்பமெண்டு ஆர் சொன்னது?"

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். தாளில் என் பெயர் இருக்கிறதாம். ஞானம்மா, அங்கத்தவர் மூன்று பேர், ஒரு வீடு. றெஜினா என்று ஒரு பெயரே இல்லையாம்.

படிவத்துக்காரப் பிள்ளை கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். ஜெனி சைக்கிளை வேலியில் சாத்தினாள். பிறகு, "ஐயா செத்ததெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மாமி" என்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லத்தான் சொன்னாள்.

மச்சாள் உள்ளே பாயில் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். நான் போய் வாசலில் நின்றேன். அவள் என்னைப் பார்த்து, "கிழங்குக்கு உப்புக் காணாது மச்சாள்" என்றாள். மத்தியானம் சாப்பிட்ட கிழங்கு.

கந்தோர்

அடுத்த நாள் நானும் ஜெனியும் கந்தோருக்குப் போனோம். நான் அதற்குமுன் அங்கே போனது ஒரே ஒரு தடவை, மனுசனின் மரணப் பத்திரத்துக்கு. கரவெட்டிப் பிள்ளை எங்களைக் கண்டதும் எழும்பி வந்தாள். ஜெனி விசயத்தைச் சொல்லச் சொல்ல அவளுடைய முகம் மாறியது.

"ஐயோ அம்மா, எங்கடை வீடுகளிலையும் உப்பிடித்தானே. செத்தவீடெண்டு நீங்கள் சொல்லேல்லையே."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

கூப்பன் மட்டையைக் காட்டினால் என்ன என்று ஜெனி கேட்டாள். சங்கக் கடையில் சாமான் எடுக்க அண்ணையின் குடும்பத்துக்குத் தனி மட்டை இருந்தது. ஆனால் அது அண்ணையின் பெயரில் இருந்தது. பெயரை மாற்ற மரணப் பத்திரம் வேண்டும். அது இன்னும் கைக்கு வரவில்லை. செத்தவர் பெயரில் இருக்கிற மட்டைக்கு வீடு எழுத முடியாது என்றார்கள்.

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். கந்தோர்ப் பெரியவர் ஒருவர் வந்து நேரில் பார்ப்பார். இரண்டு அடுப்பு எரிவதைக் கண்டால் இரண்டு குடும்பம் என்று எழுதுவார். எப்போது வருவார் என்றோம். வருகிற வியாழக்கிழமை. அதைப் பின்போட முடியாதா என்றோம். முடியாது, அன்றைக்கே எல்லாம் கொழும்புக்குப் போகவேண்டும், வருசம் முடியமுன் எழுதி அனுப்பாவிட்டால் ஒதுக்கின காசு திரும்பிப் போய்விடும் என்றாள் அந்தப் பிள்ளை.

நான் விரலில் எண்ணிப் பார்த்தேன். வியாழக்கிழமை அண்ணைக்கு இருபத்தேழாம் நாள்.

மச்சாளிடம் வந்து சொன்னோம். ஜெனி கெஞ்சினாள். நாலே நாள்தானம்மா, ஐயா ஒன்றும் சொல்லமாட்டார் என்றாள். ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் போட்டுத் தண்ணி கொதிக்க வைத்தால் போதும் என்றாள்.

மச்சாள் செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள். பத்து மணிகள் உருண்டு முடிந்த பிறகு சொன்னாள்.

"காசு திரும்பிப் போனால் போகட்டும். அவர் திரும்பி வருவாரோ?"

நெருப்புப்பெட்டி

வியாழக்கிழமை விடியப் பூசைக்கு மச்சாள் போய்விட்டாள். ஜெனியும் கூடப் போனாள். மழை விட்டிருந்தது. கரையில் ஒதுங்கின சாதாளைப் பாசி அழுகி மணத்தது.

நான் ஒரு வேலை செய்தேன். பாவமோ புண்ணியமோ தெரியாது. அடுப்பெரிக்கப் பனை ஊமலும் பன்னாடையும் மடியில் கட்டிக்கொண்டு, நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் கொட்டிலுக்குள் போனேன். கெடுத்தவள் நான், நானே மூட்டுகிறேன் என்று நினைத்தேன். மூட்டினது மச்சாள் இல்லைத்தானே. அவளில் பிழை வராது.

அடுப்பின் முன்னால் குந்தினேன். சாம்பல் தட்டையாகத் தடவப்பட்டிருந்தது. நடுவில் விரலால் ஒரு சிலுவை கீறியிருந்தது. மழைக்காற்றிலும் அது அழியாமல் இருந்தது. ஒவ்வொரு நாளும் புதிதாகக் கீறுகிறாள்போல. இடப்பக்கச் செங்கல்லின்மேல் ஒரு பாதிச் சுருட்டு. அண்ணை நெருப்புப்பெட்டி வைத்திருப்பதில்லை. இந்த அடுப்புக் கொள்ளியில்தான் சுருட்டைப் பற்றவைப்பார். பாதியில் அணைத்து அந்தக் கல்லில் வைப்பார். மிச்சத்தைப் பின்னேரம் குடிப்பார்.

நான் குச்சியை எடுத்தேன். எடுத்த குச்சியோடு அப்படியே இருந்தேன்.

எவ்வளவு நேரமோ, பின்னால் மச்சாளின் குரல் கேட்டது. "என்ன செய்யிறீர் மச்சாள்?"

அவள் வந்து பக்கத்தில் குந்தினாள். என் மடியில் இருந்த ஊமலைப் பார்த்தாள். கோபிக்கவில்லை.

"இதிலை கடைசியா நெருப்பெடுத்தது அவர்," என்றாள். "நாள் முடியமுன்னம் இதை மூட்டி வாங்கிற வீட்டுக்குள்ளை நான் என்னெண்டு போய்ப் படுக்கிறது?"

குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். இருவரும் எழும்பும்போது ஆளுக்காள் கையைப் பிடித்துத்தான் எழும்பினோம். இருவருக்கும் முழங்கால் சரியில்லை.

மூன்று பேர் வந்தார்கள்

பத்து மணிபோல வந்தார்கள். கரவெட்டிப் பிள்ளை, எங்கள் கிராமத்துக்குப் பொறுப்பான விதானையார், மற்றது அந்தப் பெரியவர். பெரியவருக்கு முழங்கால்வரை காற்சட்டை நனைந்திருந்தது. காலையிலிருந்து எத்தனையோ வளவுகளில் தண்ணீரில் நடந்திருக்கிறார். களைத்துப்போன முகம். கெட்ட மனிசர் என்று சொல்லமாட்டேன்.

என் குசினியில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எழுதினார். பின்னால் போனார். குனிந்து பார்த்தார். சாம்பலில் கை வைக்கப் போனார். ஜெனி, "தொடாதேங்கோ" என்றாள். கையை எடுத்துவிட்டார்.

விதானையார் செத்தவீடு என்று எடுத்துச் சொன்னார். பிள்ளையும், "சேர், எங்கடை ஊர்ப்பக்கமும் செத்தவீட்டிலை மூட்டமாட்டினம்" என்றாள்.

"எனக்கும் தெரியும் தங்கச்சி," என்றார் அவர். "படிவத்திலை செத்தவீட்டுக்கு ஒரு கட்டம் இல்லையே. புகை இல்லாட்டி அடுப்பில்லை. நான் கண்டதைத்தான் எழுதலாம்."

"அப்ப சவக்காலையிலை போய்ப் பாருங்கோ, ஐயாவைக் காணலாம்" என்றாள் ஜெனி. விதானையார் அவளை மெல்ல அதட்டினார். பெரியவர் அதற்குக் கோபிக்கவில்லை. பேனையை மூடினார். ஃபைலை மூடப் போனார்.

மச்சாள் உள்ளே இருந்தாள். பூசைக்குப் போவதைத் தவிர, முப்பத்தொன்று முடியும்வரை பிறத்தியார் முன்னால் அவள் வரமாட்டாள். கதவுக்குப் போட்டிருந்த சாக்குக்குக் கீழே அவளுடைய கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. சேற்று நிலத்தில் பெருவிரலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

நான் அந்த விரலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என் வாயால் வந்ததை இப்போதும் நம்ப முடியவில்லை. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"ஐயா," என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடியும், "ஐயா" என்றேன். திரும்பினார்.

"ஒரு அடுப்புக்கு ஒரு வீடெண்டால், அந்த வீட்டை றெஜினாவின்ரை பேரிலை எழுதுங்கோ. எரியிற அடுப்பு அவவின்ரை. நான் அவவிட்டைச் சாப்பிடுறவள்."

எல்லாரும் என் குசினியைப் பார்த்தார்கள். என் உலை, என் சட்டி, என் கையில் என் அகப்பை.

சாக்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பொய். இருபத்தேழு நாளா அவதான் எனக்குச் சோறு தாறா."

பெரியவர் நெற்றியைத் தடவினார். "நான் முப்பது வருசமா இந்த வேலை செய்யிறன். வீடு எனக்குத்தான் எண்டு அடிபட்டவையைக் கண்டிருக்கிறன். இப்பிடி அடிபடுறவையை இண்டைக்குத்தான் காணுறன். அம்மா, உங்கடை பேர் தாளிலை வந்திட்டுது. வெட்டினால் பிறகு உங்களுக்கெண்டு ஒண்டும் இல்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ."

"அவவுக்கு ஒரு பிள்ளை இருக்கு ஐயா. எனக்குப் பிறகு என்ரை வீட்டை ஆருக்குக் குடுக்கிறது? அவவுக்கொரு கதவு வேணும். எனக்கு ஒரு பாய் போதும்."

அவர் என் பெயரை வெட்டினார். மேலே றெஜினா என்று எழுதினார். வெட்டின இடத்தில் நான் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார். கூரைத் தகரத்தில் நின்ற தண்ணீர் ஒரு சொட்டு தாளில் விழுந்து மை கொஞ்சம் கலங்கியது. கரவெட்டிப் பிள்ளை தன் சீலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து மச்சாள் அடுப்பை மூட்டினாள். முதல் கொள்ளியில் அந்தப் பாதிச் சுருட்டை வைத்து எரித்தாள். பிறகு கஞ்சி காய்ச்சி முதல் கோப்பையை எனக்குக் கொண்டுவந்தாள். உப்பு அளவாக இருந்தது.

இரண்டாம் மாடி

வீடு கட்டி முடிய அதற்குப் பிறகும் இரண்டு மாரி போனது. எங்களுக்கு இரண்டாம் மாடி. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குசினி. குசினி யன்னலால் கடல் தெரியும். கதவுக்கு நீல வர்ணம். மச்சாள் முதல் நாள் அந்தக் கதவை நாலைந்து தரம் திறந்து பூட்டினாள். நான் காணாததுபோல் இருந்தேன்.

சுவாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போன பிறகு, மச்சாள் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டாள். அவளுடைய காஸ் அடுப்பு மேடையில் இருந்தது. பக்கத்து மூலையில், ஒரு பலகைக்கு மேல், புதுசாக ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அதன் கீழே அந்த மூன்று செங்கல்.

"உது உம்மடை," என்றாள்.

எனக்கு என்னத்துக்கு என்றேன். நீர் சமைக்கிறதைத்தானே சாப்பிடப் போகிறேன் என்றேன்.

"இருக்கட்டும். ஆரும் கேட்டால் சொல்ல வேணும்."

அந்த அடுப்பில் நாங்கள் சமைப்பதில்லை. காஸ் கிடைக்காமல் எல்லாரும் வரிசையில் நின்ற காலத்தில் மட்டும் எரித்தோம். அப்போதும் மச்சாள் கூடத்துக்கு வந்து, "உம்மடை அடுப்பை ஒருக்கா மூட்டட்டோ" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் மூட்டினாள். மற்றபடி சனிக்கிழமையில் சனிக்கிழமை துடைப்பாள். எண்ணெய் குறைந்தால் நிரப்புவாள். திரியை வெட்டி விடுவாள்.

ஜெனிக்கு இப்போது கலியாணம் முடிந்து மருமகனும் எங்களோடு இருக்கிறார். கைக்குழந்தை ஒன்று. ஒரு அறை அவர்களுக்கு, மற்றது மச்சாளுக்கு. நான் கூடத்தில் படுப்பேன். குழந்தையின் தொட்டில் என் தலைமாட்டில். எனக்கு அது குறையில்லை. மச்சாளுக்குக் குறை.

போன மாதம்

பக்கத்து வெறுங்காணியில் இன்னொரு தொடர்மாடிக்குக் காசு ஒதுக்கியிருக்கிறார்களாம். போன மாதம், ஒரு வீட்டுக்குள் நெருங்கி இருக்கிற குடும்பங்களைப் பதிய ஒரு பிள்ளை வந்தாள். இவள் வேறு பிள்ளை. ஃபைல் இல்லை, விரலால் தொட்டு எழுதுகிற ஒரு சின்னப் பலகை. செருப்பைக் கழற்றி மச்சாளின் நீலக் கதவடியில் வைத்துவிட்டு வந்து இருந்தாள்.

பெயர் கேட்டாள், வயது கேட்டாள். கேள்வி இன்னும் அதேதான்.

"சமையல் எத்தினை அடுப்பு?"

நான் வாயைத் திறக்கமுன் மச்சாள் சொன்னாள். "ரெண்டு."

பிள்ளை எழும்பிக் குசினியை எட்டிப் பார்த்தாள். காஸ் அடுப்பில் மத்தியானக் கறி. மூலையில் மற்றது, துடைத்துத் துடைத்துப் புதுசுபோல.

"உது எரியிறதோ அம்மா? பாவிக்கிற மாதிரித் தெரியேல்லையே."

"எரியாட்டியும் அது அவவின்ரை அடுப்பு," என்றாள் மச்சாள். "எழுதும் பிள்ளை. ஞானம்மா. தனிக் குடும்பம்."

பிள்ளை என்னைப் பார்த்தாள். விரல் பலகைக்கு மேல் நின்றது. "ஓமோ அம்மா?" என்று கேட்டாள்.

இந்தமுறை என்னைத்தான் கேட்டாள். ஓம் என்றால் பக்கத்துக் கட்டிடத்தில் எனக்கொரு கதவு. இல்லை என்றால் இந்தத் தொட்டிலடி. இவ்வளவு காலமும் ஒரு முற்றத்தில் இருந்தவர்கள் நாங்கள். மச்சாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நிலத்தில் பெருவிரலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

எழும்பிக் குசினிக்குள் போனேன். நெருப்புப்பெட்டியை எடுத்தேன். இரண்டாவது குச்சியில் திரி பிடித்தது. நாட்பட்ட எண்ணெய், குப்பென்று கறுப்பாய்ப் புகை எழும்பியது. பிள்ளை இருமினாள். மச்சாள் போய் யன்னலைத் திறந்துவிட்டாள்.

நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்து நாலு பேருக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஜெனியும் வேலையால் வருகிற நேரம். பின்னால் அந்தப் பிள்ளை என் பெயரைப் பலகையில் தட்டி எழுதுகிற சத்தம் கேட்டது.